இருபது நிமிடம் முந்திய வீடு

அத்தியாயம் ஒன்பது

கனடாவில், ரூஜ் என்ற இடத்தில், விநாயகமூர்த்தியின் வீட்டுச் சுவரிலிருந்து பழைய மணிக்கூடு இறங்கியது, புதியது ஏறியது, அதன் பேரில் தகப்பனும் மகளும் முகம் பார்க்காமல் பிரிந்தார்கள். சென்ற கிழமை அந்த இடத்தில்தான் நின்றோம். இனி நடந்ததைச் சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்களை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

முதலாவது விஷயம், அந்த வீட்டு மணிக்கூடு எப்போதும் இருபது நிமிடம் முன்னுக்கு ஓடும். கனடாவுக்கு வந்த முதற் குளிர்காலத்தில் விநாயகமூர்த்தி பஸ்ஸைத் தவறவிட்டு, தொழிற்சாலைக்குப் பிந்திப் போய், வாசலிலேயே வேலையை இழந்தவர். அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மணிக்கூட்டின் முள்ளைத் தள்ளி வைத்தார். பிறகு அடுப்பிலிருக்கும் மணிக்கூடு, காருக்குள் இருக்கும் மணிக்கூடு, எல்லாம் அதே கணக்கு. யாராவது நேரம் கேட்டால், வீட்டு நேரமோ வெளி நேரமோ என்று திருப்பிக் கேட்பது அந்த வீட்டின் வழக்கம். அவர் எங்கேயும் பிந்தியதில்லை. அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

இரண்டாவது, கலியாணம் நெருங்கியிருக்கும் மகள் நிலக்சி வாங்கி வந்தது சாதாரண மணிக்கூடு அல்ல. அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து வானொலி அலையில் வரும் நேரத்தைப் பிடித்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்வது. வெள்ளிக்கிழமை அவள் பற்றரியைப் போட்டு, பின்பக்கத்து நாலு பொத்தான்களில் கிழக்கு நேரத்துக்கு உரியதை அமத்தி, மேற்குப் பார்த்த யன்னலில் சாத்தி வைத்தாள். முட்கள் விறுவிறென்று சுற்றிப் பன்னிரண்டில் போய் நின்றன. கலியாண வீட்டில் பன்னிரண்டில் செத்துப்போய் நிற்கும் மணிக்கூட்டைப் பார்க்கச் சகிக்காமல் தாய் இராஜேஸ்வரி அதன்மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினார். சிக்னல் இரவில்தான் ஒழுங்காக வரும், ஒருவரும் கைவைக்க வேண்டாம் என்று நிலக்சி சொல்லியிருந்தாள். அடுத்த நாள் காலை துவாயை எடுத்தபோது அது செக்கனும் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது.

சனி பின்னேரம் அவள் அதை ஹோலில் கொழுவிவிட்டு, சண்டையும் பிடித்துவிட்டு, வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் இரவு வேலைக்குப் போனாள். கார் முடக்குத் திரும்பியதும் விநாயகமூர்த்தி கதிரையைப் போட்டு ஏறினார். மணிக்கூட்டை இறக்கி, பின்னாலிருந்த பொத்தானை அமத்திப் பிடித்து, முள்ளை இருபது நிமிடம் முன்னுக்கு நகர்த்தினார். திரும்பக் கொழுவிவிட்டுக் கையைத் தட்டினார். குசினி வாசலில் நின்று இராஜேஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாகப் பார்த்த காட்சிதானே.

விடிந்தால் பொன்னுருக்கல்.

தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் வைத்து உருக்குவார்கள். பெண்ணின் தாய் தகப்பன் பலகாரத் தட்டங்களோடு போய் அருகில் நிற்க வேண்டும். பெண் போவதில்லை. நல்ல நேரம் எட்டு நாற்பதுக்குத் தொடங்கி ஒன்பதோடு முடிகிறது என்று ஐயர் குறித்துத் தந்திருந்தார். மாப்பிள்ளை மிதுனனின் வீடு விட்பியில். போன கிழமை மண்டபம் பார்க்கப் போன இடத்தில் மிதுனனின் தாய், சில ஆக்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்தித்தான் நேரம் சொல்ல வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிச் சிரித்தார். விநாயகமூர்த்திக்குச் சுருக்கென்றது. தான் பிந்தினால் தான் இல்லாமலே உருக்கலாம் என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை அவர் வேட்டி சால்வையோடு ஹோலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டு இருபது. இருபதைக் கழித்தார். எட்டு. வழியில் அரை மணித்தியாலம் என்றாலும் எட்டரைக்கு வாசலில் நிற்கலாம். இராஜேஸ்வரி தட்டங்களைக் கட்டி முடித்து, செருப்பைப் போட்டபடி நேரம் சரியோ என்று ஒருமுறை கேட்டார்.

"உமக்கு ஏன் அந்தப் பதட்டம்? வீட்டு நேரமெல்லே உது. ஆறுதலா ஏறும்."

மெடோவேல் வீதியில் நானூற்றி ஒன்று நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்தில்தான் அவருடைய கண் காரின் மணிக்கூட்டில் விழுந்தது. அதில் எட்டு நாற்பத்தாறு. அதிலும் இருபது கழிக்க வேண்டும். கழித்தார். எட்டு இருபத்தாறு வந்தது. வீட்டிலிருந்து புறப்பட்டு ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. அப்படியென்றால் எட்டு ஆறாகத்தானே இருக்க வேண்டும்?

கார் மணிக்கூடு பிழையாக ஓடுகிறது என்றார். இராஜேஸ்வரி கைப்பையைத் திறந்து போனை எடுத்துப் பார்த்தார். பிறகு அதை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தார். எட்டு இருபத்தாறு.

அதற்குப் பிறகு அந்தக் காருக்குள் நடந்ததை முழுவதும் எழுத முடியாது. அவர் மணிக்கூட்டைத் திட்டினார். அதைச் செய்தவனைத் திட்டினார். அதை வாங்கியவளைத் திட்டினார். அஜாக்ஸில் வீதி வேலைக்காக ஒரு லேனை மூடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியவே தோண்டுகிற மாநகரத்தையும் மாகாணத்தையும் திட்டினார். முன்னால் போன ட்ரக்குக்கு ஹோர்ன் அடித்தார். தட்டங்களை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த இராஜேஸ்வரியைப் பார்த்து, காலையில் போனைப் பார்த்திருக்கலாமே, அதற்குத்தானே போன் என்றார்.

"உங்கட வீட்டிலை போனைப் பாத்து நேரம் சொல்ல என்னை எப்ப விட்டனீங்கள்?"

அவ்வளவுதான் இராஜேஸ்வரி சொன்னது. சம்பந்தி வீட்டுக்குப் பேசிச் சொல்லலாமா என்று கேட்டதற்கும் அவர் வேண்டாம் என்றார். பிந்துகிறோம் என்று தன் வாயால் சொல்ல அவருக்கு வரவில்லை. ஒன்பதுக்குள் போய்விடலாம், அதுவரைக்கும் பொறுத்திருப்பார்கள் என்றார்.

ஒன்பது ஐந்துக்குத்தான் போனார்கள். அவர்கள் பொறுத்திருக்கவில்லை.

கராஜுக்குள் வைத்துப் பொன்னை உருக்கி முடித்து, நகை செய்யும் பத்தர் தன் ஊதுகுழலைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அவர் அடுத்து வேறொரு வீட்டுக்குப் பொன்னுருக்கப் போக வேண்டியிருந்தது. உருகிய பொன் வெற்றிலையின் மேல் ஒரு தட்டில் கிடந்தது. பெண் பகுதிக்கு ஒருவர் நிற்க வேண்டுமே என்று கடைசி நிமிடத்தில் மிதுனனின் தகப்பன் இராஜரட்ணம் பக்கத்து வீட்டு லெஸ்லியைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார். லெஸ்லி மன்னார்ப் பக்கத்து வேதக்கார மனிதன், கிறிஸ்தவர். படம் எடுத்துத் தர வந்தவர். நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டோடு கமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, தான் செய்த பிழை என்ன என்று தெரியாமல் விநாயகமூர்த்தியைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தப் பொட்டைத்தான் விநாயகமூர்த்தியால் பார்க்க முடியவில்லை. ஒரே மகளின் தாலிப் பொன் உருகும்போது தான் நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு கமராக்காரர்.

அஞ்சு நிமிசம் பொறுக்க முடியாதா என்று இராஜரட்ணத்தைக் கேட்டார். குரல் உயர்ந்துவிட்டது. பலகாரத் தட்டங்களை வாங்க வந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். இராஜரட்ணம் நல்ல மனிதர். வீதியில் என்ன கரைச்சலோ என்று தானே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். மிதுனனின் தாய் விடவில்லை.

"நாங்கள் ஒண்டும் பிழையாச் செய்யேல்லை, அண்ணை. பிந்தினா நான் இல்லாமலே உருக்குங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஐயர் சொன்ன நேரத்தையும் பாக்கோணும், உங்கட சொல்லையும் பாக்கோணும்."

இந்த இடத்தில் விநாயகமூர்த்திக்கு இரண்டு வழி இருந்தது. தான் செய்த வேலையைச் சொல்லிச் சிரித்திருக்கலாம்; அந்தக் கூட்டமே சேர்ந்து சிரித்து, தேத்தண்ணி குடித்து, அன்றோடு மறந்திருக்கும். அல்லது பேசாமல் இருந்திருக்கலாம். அவர் மூன்றாவது ஒன்றைச் செய்தார்.

"மகள் ஒரு புது மணிக்கூடு வாங்கிக் கொழுவினவள், சம்பந்தி. அது பிழை நேரம் காட்டிப்போட்டுது. நான் என்ன செய்ய?"

மிதுனனின் தாய் தட்டத்தை வாங்கிக்கொண்டே, அவருக்கு அல்ல, பக்கத்தில் நின்ற பெண்களுக்குச் சொன்னார்:

"கலியாண வீட்டிலை மணிக்கூட்டை மாத்தி விளையாடுற பிள்ளை, நாளைக்கு இஞ்சை வந்து எதையெதை மாத்தப்போறாவோ."

சிரிப்பு ஒன்று எழும்பி அடங்கியது. இராஜேஸ்வரி கணவனைப் பார்த்தார். இப்போது உண்மையைச் சொல்வார் என்று பார்த்தார். தேநீர்த் தட்டு வந்தது. விநாயகமூர்த்தி ஒரு கோப்பையை எடுத்து, ஊதி, குடித்தார். முகத்திலிருந்த சூடு இறங்கியிருந்தது. பழியை வேறு தலையில் இறக்கிவிட்ட மனிதனின் முகம் அது. இராஜேஸ்வரி வாங்கிய கோப்பை ஆறி ஆடை படியும்வரை குடிக்காமல் கையிலேயே இருந்தது.

திரும்பி வரும்போது விநாயகமூர்த்தி பொன்னின் நிறத்தைப் பற்றியும், பத்தரின் கைவேலையைப் பற்றியும் கதைத்தார். இராஜேஸ்வரி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிக்கரிங் தாண்டியதும், ஏன் ஒன்றும் பேசாமல் வாறீர் என்று கணவன் கேட்டார். தான் பேசத் தொடங்கினால் கார் வீடு போய்ச் சேராது என்று பதில் வந்தது.

வீட்டில் நிலக்சி வேலை உடுப்போடேயே படிக்கட்டில் இருந்தாள். மடியில் போன். மிதுனன் ஏற்கெனவே செய்தி அனுப்பிவிட்டான். அவன் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. அம்மா இப்படி ஒரு பகிடி விட்டவ, நீ பெரிதாக எடுக்காதே, மணிக்கூடு பிழை காட்டுவது யாருக்கும் நடக்கும் என்று எழுதியிருந்தான். அந்தக் கடைசி வரிதான் அவளை எரித்தது. அவனும் நம்பிவிட்டான்.

தகப்பன் சப்பாத்தைக் கழற்றும் வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு எழும்பிப் போய்த் தன் போனை மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் சுவரோடு வைத்துப் பிடித்தாள்.

"பாருங்கோ அப்பா. எக்ஸாக்ட். செக்கன்கூட சேம். இதிலை எது பிழை?"

விநாயகமூர்த்தி பார்த்தார். அவருடைய கை தன்னையறியாமல் சால்வையை இழுத்தது. நேற்று அவர் தன் கையால் தள்ளி வைத்த இருபது நிமிடம் அதில் இல்லை.

"ஆர் உதைத் தொட்டது?"

"ஒருத்தரும் தொடேல்லை. நீங்கள் தொட்டனீங்களோ?"

இராஜேஸ்வரி கைப்பையை மேசையில் வைத்து, கணவனைக் காட்டி மகளுக்குச் சொன்னார்.

"கொப்பர் நேற்றுப் பின்னேரம் இருபது நிமிசம் கூட்டினவர். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

நிலக்சி சிரித்தாள். அது சிரிப்பில் சேராது. யார் எவ்வளவு கூட்டினாலும் இரவு சிக்னல் வந்ததும் அது தன்னைத் திருத்திவிடும், அதற்காகத்தானே இந்த மணிக்கூடு, அதைத்தானே வெள்ளிக்கிழமையிலிருந்து தொண்டை கிழியச் சொல்லுகிறேன் என்றாள். தகப்பன் நித்திரையாய் இருந்த நேரத்தில் அவருடைய இருபது நிமிடத்தை அது துடைத்து எறிந்திருக்கிறது. அவர் காலையில் எழும்பி, இல்லாத இருபதைக் கழித்திருக்கிறார்.

விளங்கியபோது விநாயகமூர்த்திக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அவருக்கு இரண்டும் ஒரே வழியால்தான் வரும்.

வீட்டுக்காரன் வைத்த நேரத்தை எங்கேயோ கிடக்கிற கொலராடோக்காரன் மாற்றுவதா என்றார். அந்த இருபது நிமிடம் இல்லாவிட்டால் இந்த வீடும் இல்லை, இவளுடைய படிப்பும் இல்லை என்றார். ஒருநாள் பிந்தினதுக்கு வேலையால் கலைத்துவிடப்பட்டு, பனிக்குள் நடந்து வந்தது யார் என்று கேட்டார். நிலக்சி அதற்கும் பதில் வைத்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் கதவு திறக்க முதல், ஒரு பிள்ளையும் வராத இருட்டில், ஒவ்வொரு குளிருக்கும் இருபது நிமிடம் முந்திப் போய் நின்றது தான் ஒருத்திதான் என்றாள். உங்களுக்கு நடந்ததுக்கு நான் நின்று முடித்துவிட்டேன், இனி மாட்டேன் என்றாள்.

"சரி, அதை விடுங்கோ. இப்ப மிதுன்ர அம்மாவுக்குக் கோல் எடுங்கோ. மணிக்கூடு பிழையில்லை, நான்தான் மாத்தினனான் எண்டு சொல்லுங்கோ. தட்ஸ் ஓல்."

"சம்பந்திக்கு முன்னாலை நான் பொய்யன் ஆகிறதோ?"

"நான் பொறுப்பில்லாதவள் ஆகலாமோ?"

அவர் சால்வையை எடுத்துக் கதிரையில் எறிந்தார். நிதானமாகத்தான் சொன்னார், அதுதான் மோசம்.

"நீ அந்த வீட்டுக்குப் போற பிள்ளை. மாமியார்காரி நாலு சொல் சொல்லத்தான் செய்வா. ஒரு சொல்லு கூடிப்போச்செண்டு என்ன குறைஞ்சு போச்சு? எனக்கு அப்பிடியில்லை. நான் அந்தச் சபையிலை நாளைக்கும் போய் நிமிந்து நிக்கோணும்."

நிலக்சிக்கு முகம் வெளிறியது. அவள் தகப்பனோடு எத்தனையோ சண்டை பிடித்திருக்கிறாள். அவர் கத்துவார், இவள் கத்துவாள், பின்னேரம் அவரே அப்பிள் வெட்டிக்கொண்டு வந்து மேசையில் வைப்பார். இது அந்தக் கணக்கில் அடங்காது. அவளுடைய பெயரை எடுத்துத் தன் பெயருக்குக் கீழே முண்டு கொடுத்திருக்கிறார். அதில் பிழை இருப்பதாகவும் அவருக்குத் தெரியவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய தன் கார்த் திறப்பை எடுத்தாள். ஹோல் சுவரிலிருந்து மணிக்கூட்டையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினாள்.

எங்கே போகிறாய் என்று தகப்பன் கேட்டார். விட்பிக்கு என்றாள். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் குறுக்கே வந்து நின்றார். பொன்னுருக்கிய பிறகு தாலி ஏறும்வரை பெண்ணும் மாப்பிள்ளையும் கண்ணால் காணக்கூடாது. அந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவே கூடாது. ஊர் உலகத்தில் எந்தப் பெண்ணாவது இப்படிச் செய்தது உண்டா என்றார்.

"மிதுனைப் பாக்க நான் போகேல்லை. அவன்ர அம்மாவைப் பாக்கப் போறன். அவனைக் கண்ணை மூடிக்கொண்டு நிக்கச் சொல்லுங்கோ."

"பொன்னுருக்கின வீடு, பிள்ளை. தெரிஞ்சு கதை."

"நீங்கள் இல்லாமல் உருக்கின பொன்தானே, அப்பா."

அவருடைய கை ஓங்கியதா, கதவைப் பிடிக்கத்தான் உயர்ந்ததா என்று அவருக்கே தெரியாது. அது பாதியில் நின்றது. நிலக்சி குனிந்து அந்தக் கைக்குக் கீழால் வெளியே போனாள்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். சடங்கு, சகுனம், துடக்கு என்று வந்தால் அவரைவிடக் கடுமையானவர் இராஜேஸ்வரி. பன்னிரண்டில் நின்ற மணிக்கூட்டைத் துவாயால் மூடியவர். அவர் ஒரு சொல் சொன்னால் பிள்ளை நிற்பாள்.

"மறியுமன் அவளை. பாத்துக்கொண்டு நிக்கிறீர்."

இராஜேஸ்வரி மேசையிலிருந்த கைப்பையைத் திரும்பவும் எடுத்தார். பட்டுச் சேலை இன்னும் மாற்றவில்லை. அந்தப் பெண்கள் சிரித்தபோது தானும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் வழி முழுதும் நினைத்துக்கொண்டு வந்தவர். பிள்ளைக்குத் தெரியாது, அங்கே வாய் இருந்தும் பேசாமல் நின்றது ஒருவர் அல்ல, இருவர்.

"பிள்ளை, பொறு. நானும் வாறன்."

விநாயகமூர்த்தி கதவடியிலேயே நின்றார். இராஜேஸ்வரி அவரைத் தொடாமல் கடந்து போய், காரின் முன்சீட்டில் ஏறி, மகளின் கையிலிருந்த மணிக்கூட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். காலையில் பலகாரத் தட்டம் இருந்த மடி.

கார் ஸ்ரார்ட் ஆகும் சத்தம் கேட்டபோதுதான் விநாயகமூர்த்திக்கு உணர்வு வந்தது. செருப்பும் போடாமல், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி, காருக்குப் பின்னால் போய் நின்றார். முன்வீட்டு மனிதன் புல்லு வெட்டுகிற மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பிள்ளையோடு நடைபாதையில் வந்த ஒரு பெண் மற்றப் பக்கத்துக்கு மாறினாள். எந்தச் சபையிலும் நிமிர்ந்து நிற்க வேண்டிய மனிதர் வெறுங்காலோடு தன் வீட்டு ட்ரைவ்வேயில் இரண்டு கையையும் விரித்தபடி நின்றார்.

பின்பக்கக் கமராவில் நிலக்சிக்கு அவர் முழுதாகத் தெரிந்தார். அவள் கியரை ரிவேர்ஸில் போட்டாள். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பின்விளக்கின் வெள்ளை வெளிச்சம் அவருடைய வேட்டியில் விழுந்தது. அவர் அசையவில்லை.

பக்கத்து யன்னல் கண்ணாடி மெல்ல இறங்கியது. இராஜேஸ்வரி தலையை வெளியே நீட்டவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடிக்குள் தெரிந்த கணவனைப் பார்த்துத்தான் சொன்னார்.

"ஒண்டில் விலகுங்கோ. இல்லாட்டி ஏறுங்கோ."

விநாயகமூர்த்தி இரண்டையும் செய்யவில்லை.